பித்தளை மேசையும் அலுமினிய அச்சும்

1886ஆம் ஆண்டில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. இலங்கையில் பதுளையைத் தலைநகராகக் கொண்டு ஊவா தனி மாகாணமானது. அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எரூவும், ஒருவரை ஒருவர் அறியாமலே, அலுமினியத்தை மின்சாரத்தால் மலிவாகப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டார்கள். அரசர்களின் விருந்து மேசையில் அபூர்வமாக இருந்த உலோகம் அதன் பிறகுதான் சோற்றுப் பானையாகி எல்லோர் வீட்டுக்கும் வந்தது. கண்டியில் நான் ஏறிய ரயில் நானுஓயாவைக் கடந்து, பட்டிப்பொலை அருகே 1,898 மீட்டர் உயரத்தைத் தொட்டு, ஊவாப் பக்கமாக இறங்கத் தொடங்கியபோது இந்த இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தவை என்பது நினைவில் வந்துபோனது. என் பயணமே இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான்.

கோவையில் பிளாஸ்டிக் பொருள்களுக்கான அச்சு செய்வது என் தொழில். பெரும்பாலும் அலுமினிய அச்சுகள். எஃகில் செய்த அச்சு லட்சக்கணக்கான உருப்படிகளைத் தாங்கும். ஆனால் கடைவதற்கு நாளாகும், விலையும் அதிகம். அலுமினியத்தை வேகமாகக் கடையலாம், எடை எஃகில் மூன்றில் ஒரு பங்குதான், சூட்டை அது எஃகைவிட நாலு மடங்கு வேகமாகக் கடத்திவிடும். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் போய் இறுகிக் குளிர்வதற்குத்தான் ஒவ்வொரு சுற்றிலும் பாதிக்கு மேல் நேரம் போகிறது என்பதால் இந்தக் குணம் பெரிய லாபம். குறை ஒன்றே ஒன்று. அதன் மேற்பரப்பு மென்மை. கீறும், தேயும், விளிம்பு மழுங்கும். எங்கள் பட்டறையில் பேச்சு எப்போதும் அதைச் சுற்றியே இருக்கும்.

அங்கே என்னோடு வேலை செய்யும் ஒருவரின் குடும்பம் பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தது. 1964இல் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்த ஒப்பந்தம் அது. அந்தக் குடும்பத்தின் பெரியவர் தேயிலைத் தொழிற்சாலையில் (தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள்) ஃபிட்டராக இருந்தவர். “எங்கப்பா பாத்துக்கிட்ட ரோலர் மேசை பித்தளை. அதுவும் மெத்துன்னு இருக்கிற உலோகம்தானே. அது எப்படி ராவும் பகலும் அரைச்சு இத்தனை வருஷம் நிக்குது?” என்று ஒரு நாள் என்னோடு வேலை செய்பவர் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை ரயில் ஏற்றியது.

பண்டாரவளைக்கு ரயில் வந்தது 1894இல். அங்கிருந்து பதுளை வரை வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1924இல்தான் கடைசி நிலையம் திறந்தது. அந்தக் கடைசிப் பகுதியில்தான் எல்லோரும் புகைப்படம் எடுக்கும் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது இரும்பு கிடைக்காமல் போனதால் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் கொண்டே அதைக் கட்டி முடித்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். பாலத்தைத் தாண்டினால் தெமோதர. அங்கே ரயில் பாதை மலையைச் சுற்றி வந்து நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்துக்குள் நுழைகிறது. சரிவு அதிகமாகிவிடாமல் இறங்குவதற்குச் செய்த ஏற்பாடு. எஞ்சினியர்கள் இருக்கிற பொருளையும் இருக்கிற நிலத்தையும் வைத்துக்கொண்டு செய்த வேலைகளில் எனக்கு எப்போதும் மனம் போகும்.

ரயிலில் வடை விற்றவரிடம் ஒரு தண்ணீர் போத்தலும் வாங்கினேன். தொழில் பழக்கத்தில் அதைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஐந்து இதழாக விரிந்த வடிவம், பக்கவாட்டில் மெல்லிய இணைப்புக் கோடு. இந்தப் போத்தல்களுக்கான முதல் சிறு குழாய் எஃகு அச்சில் வார்க்கப்படுகிறது. பிறகு அதைச் சூடாக்கி, 25 முதல் 40 பார் வரை அழுத்தமுள்ள காற்றால் ஊதிப் பெருக்குவார்கள். அப்படி ஊதும்போது அது போய் ஒட்டும் அச்சு பெரும்பாலும் அலுமினியம். சுடச்சுட வந்து மோதும் பிளாஸ்டிக்கை நொடியில் குளிர்விக்க அந்த உலோகமே வேண்டும். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் செருப்புகளில் பலவும் அலுமினிய அச்சில் பிறந்தவையே. அச்சை யாரும் பார்ப்பதில்லை. அதன் தோல் எப்படி இருந்ததோ அப்படியே பொருளின் தோலும் வந்துவிடும்.

பதுளை நகரம் மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 680 மீட்டர் அளவில். முதியங்கணை விகாரையையும் சந்தையையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் பசறைக்குப் பஸ் ஏறினேன். நமுனுகுல மலை இடது பக்கமும் வலது பக்கமுமாக மாறி மாறித் தெரிந்தது. ஆகஸ்ட் மாதம். தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்ட காற்றாக வீசுகிற காலம். ஜூலை முதல் செப்டம்பர் வரை வரும் இந்தக் காற்றில் செடி தண்ணீருக்குத் தவித்து, கொழுந்துக்குள் ஒரு வாசனையைச் சேர்த்துவைக்கிறது. மெத்தில் சாலிசிலேட் என்பது அதில் முக்கியமானது. நாக்கில் குளிர்ந்தாற்போல் படும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலை என்றால் இந்த மூன்று மாதத் தூளைத்தான் முதலில் தேடுவார்கள்.

பெண்கள் இடுப்பில் படங்கு கட்டி, தலைக்கயிற்றில் பையைத் தொங்கவிட்டுக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில் கூடை போய்விட்டது. நைலான் பைகளும் பிளாஸ்டிக் கூடைகளும் வந்துவிட்டன.

ஸ்டோருக்குள் எனக்கு வழிகாட்டியவர் ஓய்வு பெற்ற ஃபிட்டர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். வேலையை விட்ட பிறகும் ரோலரில் சத்தம் மாறினால் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். கோவையில் என்னோடு வேலை செய்பவரின் அப்பாவை இவருக்குச் சிறு வயதில் தெரியும். “அவருகிட்டதான் அரம் புடிக்கக் கத்துக்கிட்டேன் தம்பி” என்றார். அதற்குப் பிறகு நான் அவரை அண்ணே என்றேன்.

மேல் மாடியில் கொழுந்து வாடிக்கொண்டிருந்தது. நீளமான தொட்டிகளில் பரப்பி அடியிலிருந்து காற்று விடுகிறார்கள். ஊவாவில் நன்றாக இறுக வாட்டுவது வழக்கம். வாடிய கொழுந்து துவாரம் வழியாகக் கீழே ரோலருக்குள் விழுகிறது. நான் பார்க்க வந்த இயந்திரம் அதுதான். வட்ட மேசை, அதன் மேல் அடியில்லாத ஓர் உருளை. உருளைக்குள் கொழுந்து. மேலிருந்து ஒரு மூடி அழுத்துகிறது. உருளை மேசை மேல் வட்டமாகச் சுழன்று போய்வருகிறது. மேசையில் வளைந்த பித்தளைக் கட்டைகள் திருகாணியால் பூட்டப்பட்டிருக்கின்றன; இவர்கள் பேட்டன் என்கிறார்கள். அந்தக் கட்டைகளின் மேல் உரசி உரசித்தான் கொழுந்து முறுகி, சாறு வெளியே வந்து, காற்றுப் பட்டு நிறம் மாறுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அஸ்ஸாமில் வில்லியம் ஜாக்சன் வடிவமைத்து, இங்கிலாந்தில் கெயின்ஸ்பரோவிலிருந்த மார்ஷல் நிறுவனம் வார்த்து அனுப்பிய ரோலர்களின் வம்சம் இது. கையால் கசக்கியதை இயந்திரம் செய்யத் தொடங்கிய பிறகு அடிப்படை அமைப்பு அதிகம் மாறவே இல்லை.

“ஏன் பித்தளை?” என்று கேட்டேன்.

“இரும்பு பட்டா சாறு கறுத்துரும். தூளோட நெறமே செத்துப்போயிரும்.”

தேயிலைச் சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்போடு சேர்ந்தால் கருநீலமாகிவிடும். பழைய காலத்தில் எழுதும் மை செய்ததும் இதே வேதியியலில்தான். பித்தளை சாற்றைக் கெடுப்பதில்லை, கடைவது எளிது, கொழுந்தை வெட்டிக் கிழிக்காமல் முறுக்கும் வளைவை அதில் வழவழப்பாகக் கொண்டுவரலாம். இப்போது துருப்பிடிக்காத எஃகு மேசைகளும் இருக்கின்றன. ஆனால் பழைய ரோலர்களில் பித்தளைதான் இன்னும் ஓடுகிறது.

மென்மையான உலோகம் இத்தனை காலம் எப்படி நிற்கிறது என்ற கேள்விக்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. ஒரு மேசையை நிறுத்திக் கழுவிய நேரத்தில் என் கையைப் பிடித்து ஒரு பேட்டனின் மேல் வைத்தார். நடுவிலிருந்து வெளியே போகப்போக விரலால் தடவச் சொன்னார். உள் முனையில் கட்டை கூராகவே இருந்தது. வெளிப்பக்கம், உருளை திரும்புகிற இடத்தில், வளைவு தெளிவாகப் படிந்து போயிருந்தது. அவர் பையிலிருந்து ஒரு தகரத் துண்டை எடுத்தார். புதுக் கட்டையின் வளைவை அப்படியே வெட்டி வைத்த அச்சு மாதிரி. அதை வைத்து நிமிர்த்தினால் தேய்ந்த இடத்தில் வெளிச்சம் தெரிகிறது.

“எல்லா எடமும் தேயாது. எங்க தேயுதுன்னு கண்டுக்கிட்டா போதும். அந்தக் கட்டைய மட்டும் கழட்டி மாத்துவோம். மேசைய யாரு மாத்துவா?”

நான் அங்கேயே சிறிது நேரம் நின்றேன். எங்கள் தொழிலில் மேற்பரப்பைப் பாதுகாப்பது என்றால் உடனே பூச்சைத்தான் நினைப்போம். எந்தப் பூச்சு, எத்தனை மைக்ரான், எந்த ஊருக்கு அனுப்புவது என்று பேச்சு போகும். இந்த மேசையைச் செய்தவர்கள் வேறு இடத்தில் தொடங்கியிருக்கிறார்கள். தேயப்போகிற இடம் எது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அதைத் தனிக் கட்டையாக்கி, திருகாணியால் பூட்டியிருக்கிறார்கள். மேசை நூறு ஆண்டு நிற்பதற்குக் காரணம் பித்தளையின் வலு அல்ல. அதில் தேய்வதற்கென்றே சில துண்டுகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

ஸ்டோருக்கு வெளியே, அதன் பொறுப்பாளரான டீ மேக்கர் வரவழைத்த தேநீரைக் குடித்துக்கொண்டே அண்ணனுக்கு அலுமினிய அச்சின் கதையைச் சொன்னேன். அவர் கேட்ட கேள்விகள் எங்கள் வாடிக்கையாளர்கள் ஒருவரும் கேட்காதவை.

முதலில் எங்கே தேயும் என்றுதான் கேட்டார். மூன்று இடங்கள் என்றேன். உருகிய பிளாஸ்டிக் உள்ளே நுழைகிற வாய், அதாவது கேட், முதலாவது. 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான் என்றால் அது மணல் கலந்த வெள்ளமாகவே அந்த வாயை அரித்துவிடும். அச்சின் இரண்டு பாதிகளும் ஒவ்வொரு சுற்றிலும் வந்து மோதுகிற விளிம்பு இரண்டாவது. அது மழுங்கினால் பொருளின் ஓரத்தில் பிசிறு வரும். பொருளைத் தள்ளி வெளியே எடுக்கும் பின்கள் போய்வருகிற துளைகள் மூன்றாவது. அலுமினியத்தில் நேராக எஃகுப் பின் ஓடினால் இரண்டும் பிடித்துக்கொண்டு உரிந்துவிடும்.

“அப்ப மத்த எடம்?”

மற்ற இடங்களில் தேய்மானம் மெதுவாகத்தான் நடக்கும். அங்கேதான் பூச்சுக்கு வேலை. அலுமினியத்துக்கு இயற்கையாகவே ஒரு தோல் உண்டு. காற்றுப் பட்டவுடன் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படிந்துவிடும்.  அந்த ஆக்சைடு மிகக் கடினமானது. மாணிக்கமும் நீலக்கல்லும் அதே பொருளின் படிகங்கள். இரத்தினபுரிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மெல்லிய தோலை மின்சாரத்தால் தடிக்கச் செய்வதுதான் அனோடைசிங். 1923இல் இங்கிலாந்தில் பெங்கோவும் ஸ்டூவர்ட்டும் கடல் விமானங்களின் உடலை உப்புக் காற்றிலிருந்து காக்க இதைத் தொடங்கினார்கள். அச்சுகளுக்கு வேண்டியது அதன் கடினமான வகை: கந்தக அமிலத் தொட்டியை உறைநிலைக்கு அருகே குளிர வைத்து, 50 மைக்ரான் வரை வளர்ப்பது. அதில் பாதி உலோகத்துக்குள்ளே போகும், பாதி வெளியே எழும். அந்த வெளிப்பாதியைக் கணக்கில் வைத்துத்தான் அச்சைக் கடைய வேண்டும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, “சூடு பட்டா?” என்றார்.

சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். சூட்டில் அலுமினியம் விரிகிற அளவுக்கு அதன் ஆக்சைடு விரிவதில்லை. அச்சு சூடாகிக் குளிர்ந்து சூடாகிக் குளிரும்போது தடித்த தோலில் நூல் போன்ற வெடிப்புகள் வரும். கூரான மூலைகளில் தோல் சரியாக வளராது. அங்கே மூலையைச் சற்று உருட்டிவிட வேண்டும். இன்னொன்று, அடியில் இருப்பது மென்மையான உலோகம். நாங்கள் அச்சுக்கு அதிகம் எடுக்கும் 7075 கலவைகூட பிரினெல் அளவில் 150தான். அச்சு எஃகான பி20 ஏறக்குறைய இரு மடங்கு. ஒரு புள்ளியில் அழுத்தம் கூடினால் மேலே உள்ள கடினமான தோல் உள்வாங்கி நொறுங்கிவிடும். சேற்றில் ஓடு பதித்தால் என்ன ஆகுமோ அதுதான்.

அதனால்தான் நாங்கள் நிக்கலை அதிகம் நம்புகிறோம். மின்சாரமே இல்லாமல், வேதிக் கரைசலில் அச்சை அமிழ்த்தி நிக்கலும் பாஸ்பரசும் சேர்ந்து படியச் செய்யும் முறை. அமெரிக்கத் தரநிர்ணய அலுவலகத்தில் ஆப்னர் பிரென்னரும் கிரேஸ் ரிடலும் 1940களில் கண்டது. மின்முலாம் மூலைகளில் தடித்தும் குழிகளில் மெலிந்தும் படியும். இது மேடு பள்ளம் பார்க்காமல் எங்கும் ஒரே தடிமனில் படியும், ஆழமான குழிக்குள்ளும். படிந்த நிலையிலேயே 500 விக்கர்ஸ் அளவுக்குக் கடினம். 400 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் அந்தக் கடினம் இரு மடங்குக்கு அருகில் போகும். ஆனால் அலுமினியத்துக்கு அந்த மருந்து ஆகாது. 7075இன் வலுவே 120 டிகிரியில் பக்குவப்படுத்தி வந்தது, 400இல் வைத்தால் அடி உலோகம் தளர்ந்துவிடும். மேல்தோலைக் கெட்டியாக்கப் போய் உடம்பைக் கெடுத்துக்கொள்வதில் பயனில்லை. படிந்தபடியே விட்டுவிடுவது நல்லது என்பது என் முடிவு. டெஃப்லான் துகள் கலந்து படியவைத்தால் பொருள் ஒட்டாமல் கழன்று வரும். பின்களின் மேல் சுமையும் குறையும்.

“தோலு போனா?”

கரைத்து எடுத்துவிட்டு மறுபடி படியவைக்கலாம் என்றேன். தலையாட்டினார். பேட்டனை மாற்றுவது போன்ற பதில் என்பதால் அவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

தேயிலைச் செடியைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் அந்தத் தோட்டத்தைத் தாண்ட மனம் வரவில்லை. இந்தச் செடி அமில மண்ணில்தான் செழிக்கும். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்கு எட்டும். பெரும்பாலான பயிர்களுக்கு அது நஞ்சு. தேயிலையோ அதை உறிஞ்சி முற்றிய இலைகளில் ஒதுக்கி வைக்கிறது. உலர்ந்த எடையில் 3 சதவீதம் வரை முற்றிய இலையில் அளந்திருக்கிறார்கள். கொழுந்தில் அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். ஊவாவின் மண்ணில் உள்ள அலுமினியத்தைச் செடி முதிர்ந்த இலைகளுக்கு அனுப்பிவிட்டு, இளந்தளிரைப் பெரும்பாலும் சுத்தமாக வைத்துக்கொள்கிறது. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒரு பிராந்திய நிலையம் இருக்கிறது. மண்ணின் அமிலத்தைப் பற்றித் தோட்டக்காரர்கள் அங்கே கேட்கப் போகும்போது இந்த உலோகமும் பேச்சில் வரும்.

அண்ணனின் மருமகன் மொனராகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறார். “அலுமினியம்னா அங்க வந்து பாருங்க” என்று அண்ணன் என்னைக் கூட்டிப்போனார். பசறையிலிருந்து பாதை இறங்க இறங்கத் தேயிலை குறைந்து, சூடு ஏறி, ரப்பர் மரங்கள் வரிசைகட்டத் தொடங்கின. கதிர்காமம் போகும் பஸ்கள் எங்களைத் தாண்டிப் போயின. கதிர்காமம்தான் ஊவாவின் தென்முனை. ரப்பர் வழக்கமாக ஈரமான மேற்குப் பக்கத்துப் பயிர். மொனராகலை அதற்கு வெளியே இருக்கும் ஓரளவு வறண்ட பூமி. இங்கேயும் அது ஊன்றிக்கொண்டது.

பால் சேர்க்கும் கொட்டகையில் வரிசையாக அலுமினியத் தட்டுகள். பாலில் தண்ணீர் விட்டு, ஃபார்மிக் அமிலம் சிறிது கலந்து தட்டுகளில் ஊற்றி வைக்கிறார்கள். மறுநாள் அது தயிராக உறைந்திருக்கும். உருளையில் விட்டுத் தகடாக்கிப் புகைபோடுவார்கள். பழைய தட்டுகளின் அடியில் அமிலம் தின்ற சிறு குழிகள் தெரிந்தன. அந்தக் குழியின் அச்சு அப்படியே ரப்பர் தகட்டின் முதுகில் பதிந்திருந்தது. மருமகன் அதைக் கையில் எடுத்து, “தட்டு கெட்டா ஷீட்டு கழட்டவே கஷ்டம் மாமா, பிச்சுத்தான் எடுக்கணும்” என்றார்.

“பித்தளைத் தட்டு போட்டா என்ன?” என்று அண்ணன் கேட்டார். நாற்பது ஆண்டு பித்தளையோடு வாழ்ந்தவரின் நியாயமான கேள்வி.

ஆனால் ரப்பருக்குச் செம்பு ஆகாது. பித்தளையில் உள்ள செம்பு மிகச் சிறிய அளவில் ரப்பரில் கலந்தாலும், காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரை உடைக்கும் வேகத்தைக் கூட்டிவிடும்; தகடு பிசுபிசுத்துப் போகும். மாங்கனீசும் அப்படியே. ஒரே மாகாணத்தில், சில மணி நேரப் பஸ் பயணத் தூரத்தில், மேலே தேயிலைக்குப் பித்தளை துணை, கீழே ரப்பருக்கு அதே பித்தளை பகை. எந்த உலோகம் நல்லது, எந்தப் பூச்சு நல்லது என்று பொதுவாகக் கேட்பவர்களிடம் இனி இந்தப் பாதையில் ஒருமுறை போய்வரச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. அந்தத் தோலை எது தொடப்போகிறது என்பதைக் கேட்காமல் பூச்சைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இதற்கு இன்னொரு சாட்சி அதே ரப்பர் பாலில் இருக்கிறது. இலங்கை ஏற்றுமதி செய்யும் பொருள்களில் இயற்கை ரப்பர் நுரை மெத்தையும் தலையணையும் உண்டு. பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, நீராவியில் வேகவைக்கும் முறையை 1929இல் டன்லப் நிறுவனத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த அச்சுகள் வார்ப்பு அலுமினியத்தில் செய்தவை. உள்ளே நூற்றுக்கணக்கான அலுமினியக் குச்சிகள் நிற்கும். மெத்தையில் நாம் பார்க்கும் துளைகள் அவற்றின் தடங்கள். அம்மோனியா கலந்து வைத்த பாலின் காரத்தன்மை பிஎச் அளவில் 10ஐ ஒட்டி இருக்கும். அலுமினியத்தின் ஆக்சைடுத் தோல் ஏறக்குறைய 4இலிருந்து 8.5 வரைதான் நிலைத்து நிற்கும்; அதற்கு மேல் காரம் அதைக் கரைக்கத் தொடங்கிவிடும். எவ்வளவு தடிமனாக அனோடைசிங் செய்தாலும் அது அதே ஆக்சைடுதான். பிளாஸ்டிக் அச்சுக்குக் கொடுக்கும் அந்த மருந்தை இங்கே கொடுத்தால் தோற்றுவிடும். இங்கே நிக்கலோ டெஃப்லான் படலமோதான் பொருந்தும். பி.வி.சி. என்றால் கதை மறுபுறம் திரும்பும்: சூடு மிகுந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை விடும், பாஸ்பரஸ் அதிகமுள்ள நிக்கல் வேண்டும்.

தட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்த பையன் ஓர் இரும்புத் தகட்டை வைத்திருந்தான். அண்ணன் அதை வாங்கிப் போட்டுவிட்டு, ஒரு மரச் செதிலை எடுத்துக் கொடுத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எத்தனையோ பட்டறைகளில், லட்ச ரூபாய்ப் பூச்சுப் போட்ட அச்சில் ஒட்டிய பிளாஸ்டிக்கை ஸ்க்ரூடிரைவரால் நெம்புவதைப் பார்த்திருக்கிறேன். அச்சுகளின் ஆயுளை உருகிய பிளாஸ்டிக்கைவிட ஸ்க்ரூடிரைவர்தான் அதிகம் குறைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அண்ணனின் கை எடுத்த முடிவை எந்தப் பூச்சாலும் ஈடுசெய்ய முடியாது.

திரும்பும் பஸ்ஸில் நாங்கள் பேசியது இளைஞர்களைப் பற்றி. ஸ்டோர் வேலைக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் வருவது குறைந்துவிட்டது. கொழும்புக்குக் கடை வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். போகக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. தலைமுறைகளாக லயத்திலேயே அடைக்கப்பட்டு, 1948இல் குடியுரிமையையும் இழந்து, அதில் எஞ்சியவர்கள் 2003 சட்டத்தில்தான் அதை முழுமையாகத் திரும்பப் பெற்ற மக்கள். அவர்களுடைய பிள்ளைகள் மலையை விட்டு இறங்குவது அவர்கள் உரிமை. ஆனால் போகிறவர்களோடு இந்தக் கண்ணும் போகிறது என்பதுதான் எனக்கு வலித்தது. எங்கே தேய்கிறது என்று விரலால் கண்டுபிடிக்கும் பயிற்சி ஒரு நாளில் வருவதல்ல. அச்சுத் தொழிலில் அதற்காகவே ஆள் தேடி அலைகிறோம்.

அப்படி ஆள்களை உருவாக்கிய முன்மாதிரி ஒன்று உண்டு. 1968இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு சென்னை கிண்டியில் சிபெட் என்ற பிளாஸ்டிக் பயிற்சி நிறுவனம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் அச்சு செய்யத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பயிற்சியையும் பட்டறையையும் ஒரே கூரையின் கீழ் வைத்த அந்த நிறுவனத்திலிருந்து வெளியே வந்தவர்கள் ஊர் ஊராகப் பட்டறை போட்டார்கள். பதுளையிலும் அதைச் செய்யலாம். அங்கே அரசின் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. 2005இலிருந்து ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலையையும் ரப்பர் பாலையும் பற்றிய பட்டப்படிப்புகள் அங்கே உண்டு. தோட்டங்களில் ரோலரைப் பராமரிக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன. சிறிய கணினிக் கடைசல் இயந்திரம் ஒன்றும் சிறிய இன்ஜெக்‌ஷன் இயந்திரம் ஒன்றும் சேர்ந்தால் அலுமினிய அச்சு செய்யத் தொடங்கிவிடலாம். எஃகைக் கடையும் அளவுக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம் என்பது அந்த உலோகத்தின் பெரிய கொடை. நிக்கல் பூச்சுக்கு வேண்டியது தொட்டியும், சூடும், கரைசலைத் தினமும் சோதிக்கும் பொறுமையும், கழிவுநீரைச் சரியாகச் சுத்திகரிக்கும் ஏற்பாடும். கடைசியாகச் சொன்னது கட்டாயம். மஹாவலியின் கிளையான பதுளை ஓயா இந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

எதை முதலில் செய்வது என்று கேட்டேன். அண்ணன் யோசிக்கவே இல்லை. சலித்த தூளை மேலே ஏற்றும் கன்வேயரில் சிறு பிளாஸ்டிக் வாளிகள் இருக்கின்றன. அவை உடையும், பழைய இயந்திரத்துக்கான அளவு கடையில் கிடைப்பதில்லை. ஒவ்வொரு ஸ்டோரிலும் தகரத்தை மடக்கி வைத்துச் சமாளிக்கிறார்கள். தகரத்தில் துரு, துருவில் இரும்பு, இரும்பில் கறுப்பு.

சரியான தொடக்கம் அது. ஆண்டுக்குச் சில ஆயிரம் வாளிகள் என்றால் எஃகு அச்சுக்குக் கட்டுப்படியாகாது, அலுமினியத்துக்குக் கச்சிதம். உணவு தொடும் இடம் என்பதால் கலப்பில்லாத பாலிபுரோப்பிலீன். கண்ணாடி இழை இல்லை, அமில வாயு இல்லை. அச்சின் உட்புறத்துக்கு 25 மைக்ரான் நிக்கல் போதும். விளிம்பு மோதும் இடத்தில் மெல்லிய எஃகுப் பட்டை. பின்கள் ஓடும் துளைகளில் வெண்கலக் குழாய். கேட் இருக்கும் இடத்தில் மட்டும் தனியாகக் கடினப்படுத்திய எஃகுத் துண்டு, இரண்டு ஆலன் திருகாணியில். பஸ் குலுங்கலில் நோட்டுப் புத்தகத்தில் இதை வரைந்து காட்டினேன்.

அவர் புத்தகத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். கேட் துண்டின் மேல் விரலை வைத்தார்.

“ஸ்க்ரூ தலை முன்பக்கம் வரட்டும் தம்பி. அச்ச மெஷின்லேர்ந்து எறக்காமலே இத கழட்டி மாத்தணும். எறக்கணும்னா ஒருத்தனும் மாத்த மாட்டான், தேஞ்சதோடயே ஓட்டுவான்.”

வரைபடத்தில் திருகாணிகளை முன்பக்கம் குறித்துக்கொண்டு, வாளியின் வாய் அகலம் எவ்வளவு என்று கேட்டேன். அளந்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன் என்றார். ஸ்டோருக்கு ஸ்டோர் அரை அங்குலம் மாறும், மூன்று ஸ்டோர்களில் அளக்க வேண்டும் என்றும் சொன்னார்.